"ஆச்சி, பெட்டி கடிக்குது!"

சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்குக் கொண்டாட்டம்தான். ஐந்தருவி, மெயின் அருவி, பழைய குற்றாலம் என்று ஒரு சுற்று குளித்துவிட்டு, சூடாக நாலு பஜ்ஜியைத் தின்றுவிட்டு ஊர் போய்ச் சேருவார்கள். இங்கேயே குடியிருக்கும் எங்களைப் போன்ற இல்லத்தரசிகளின் பாடு அவர்களுக்கு எங்கே தெரியப் போகிறது? ஆனியிலும் ஆடியிலும் துவைத்த துணி காயாது. உறை ஊற்றிய பால் தோயாது. ராத்திரி ஆட்டி வைத்த இட்லி மாவு காலையில் பார்த்தால் வைத்தது வைத்தபடி கிடக்கும்.

போன சாரலில் என் தம்பி மகன் லீவுக்கு வந்திருந்தான். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படிக்கிறவன். "இதுக்கா அத்தை கவலைப்படுதிய? நான் ஒரு பெட்டி செஞ்சு தாரேன், மாவு தன்னால பொங்கும்" என்றான்.

பரணில் கிடந்த பழைய இரும்பு டிரங்குப் பெட்டி கீழே இறங்கியது. அடியில் 100 வாட் சின்ன ஹீட்டர்த் தகடு. அதற்கு மேலே மாவுப் பாத்திரம் வைக்க ஒரு கம்பித் தட்டு. சூட்டை அளக்க, ஒயர் நுனியில் மிளகு அளவுக்கு ஒரு சென்சார். ஒரு சின்ன சர்க்யூட் போர்டு. பெட்டிக்குள் 28 டிகிரிக்குக் கீழே போனால் ஹீட்டர் எரியும். 30 டிகிரியைத் தொட்டதும் 'டக்'கென்று நின்றுவிடும். மறுநாள் காலை மாவு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றதே பார்க்க வேண்டும்! தெருப் பெண்கள் எல்லாரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

நாலாம் நாள், மழையில் நனைந்த காலோடு அடுப்படிக்கு ஓடிவந்த பேத்தி பெட்டி மேல் கையை வைத்தாள். "ஆச்சி, பெட்டி கடிக்குது!" என்று கையை உதறிக்கொண்டு கத்தினாள்.

எனக்கு உயிர் உயிராக இல்லை. ஓடிப்போய் மெயின் ஸ்விட்சை அணைத்தேன். தெய்வாதீனமாகக் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை.

தென்காசியிலிருந்து எலக்ட்ரீஷியன் அண்ணாச்சியை வரவழைத்தோம். எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு கரெண்டைப் போட்டு, பெட்டியின் தகரத்தில் டெஸ்டரை வைத்தார். டெஸ்டர் எரிந்தது. பெட்டியில் ஆணியால் ஓட்டை போட்டு ஒயரை உள்ளே விட்டிருந்தான் பையன். ஓட்டையின் கூரான விளிம்பு ஒயரின் மேலுறையை அறுத்திருக்கிறது. சாரல் ஈரமும் சேர, கரெண்ட் தகரத்துக்குக் கசிந்துவிட்டது. ப்ளக்கோ எர்த் இல்லாத இரண்டு முனை ப்ளக்!

"பையன் கெட்டிக்காரன்தான் யக்கா. ஆனா சூட்டுக்குத்தான் காவல் போட்டிருக்கான், உயிருக்குப் போடலை" என்றார் அண்ணாச்சி.

"ஃப்யூஸ் இருக்கே, அது போகாதா?" என்று கேட்டேன். அவர் சொன்ன கணக்கு என்னைத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் அடுப்படி லைனில் இருக்கும் எம்.சி.பி. 6 ஆம்பியர், அதாவது 6000 மில்லி ஆம்பியர். மனித உடம்பு வழியாக 30 மில்லி ஆம்பியருக்கு மேல் போனாலே உயிருக்கு ஆபத்து. எம்.சி.பி. காப்பாற்றுவது ஒயரைத்தான், நம்மை அல்ல!

நம்மைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. என்ற கருவி. போகிற கரெண்டும் திரும்பி வருகிற கரெண்டும் சரியாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளதை வாங்கி மாட்டினால், அவ்வளவு கசிந்ததுமே கண் இமைக்கும் நேரத்தில் லைனை வெட்டிவிடும். எர்த்தும் சரியாக இருந்தால், யாரும் தொடுவதற்கு முன்பே வெட்டிவிடும். இரண்டும் இருக்க வேண்டும். மூன்று முனை ப்ளக் இருந்தால் மட்டும் போதாது. சுவரில் உள்ள ஸாக்கெட்டுக்கு உண்மையிலேயே எர்த் வருகிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். எங்கள் பழைய வீட்டில் அந்த ஒயர் பாதியிலேயே அறுந்து கிடந்தது!

அண்ணாச்சி மேற்பார்வையில் பையன் பெட்டியைப் பிரித்து மறுபடி செய்தான். உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இப்படி எதையாவது செய்து கொண்டுவந்தால், இவற்றைக் கவனியுங்கள்:

1. மூன்று முனை ப்ளக், மூன்று கம்பி ஒயர். பச்சை அல்லது பச்சை-மஞ்சள் கம்பிதான் எர்த். பெட்டியின் பெயிண்டைச் சுரண்டிவிட்டு, வெறும் தகரத்தில் போல்ட் போட்டு அதை முடுக்க வேண்டும்.

2. போர்டு அணைப்பது பேஸ் கம்பியை (சிவப்பு அல்லது பழுப்பு) இருக்க வேண்டும். நியூட்ரலை அணைத்தால் ஹீட்டர் நின்றுபோனாலும் அதில் கரெண்ட் இருக்கும்.

3. ஒயர் நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையம் வேண்டும். இழுத்தாலும் உருவாதபடி உள்ளே கிளிப் போட்டு இறுக்க வேண்டும். சென்சார் ஒயருக்குத் தனி ஓட்டை.

4. போர்டு பெட்டிக்கு வெளியே, மூடிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள் இருக்கட்டும். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு கூடவே கூடாது.

5. 'டக்'கென்று அணைக்கும் ரிலேயின் முனைகள் சில சமயம் ஒட்டிக்கொண்டுவிடும். அப்போது ஹீட்டர் நிற்காமல் எரியும். அதற்காக ஹீட்டருக்குப் போகும் பேஸ் கம்பியில் வெப்ப ஃப்யூஸ் ஒன்று சேர்க்க வேண்டும். எலக்ட்ரிக் ரைஸ் குக்கருக்குள்ளேயும் இது உண்டு. சூடு எல்லை மீறினால் தானே அறுந்துவிடும். ஒரு முறை அறுந்தால் புதிதுதான் போட வேண்டும். பற்றவைத்தால் அந்தச் சூட்டிலேயே கெட்டுவிடும்; ஆகவே ஸ்லீவ் வைத்து நசுக்கித்தான் இணைக்க வேண்டும்.

6. சென்சாரைப் பாத்திரத்தின் உயரத்தில் கட்டிவையுங்கள். அது நழுவி வெளியே விழுந்தால், வெளிக்காற்றின் குளிரை அளந்துகொண்டு ஹீட்டரை எரியவிட்டுக்கொண்டே இருக்கும்.

சாரல் நாளில், கதகதப்பாக இருக்கிறதே என்று பெட்டி மேல் ஈரத் துணியைப் போட யாருக்கும் மனசு வரும். போடாதீர்கள். முதல் இரண்டு நாள், பகலில் பக்கத்தில் இருந்து பார்த்த பிறகே ராத்திரியில் விட்டுவையுங்கள்.

ஒன்று ஞாபகம் இருக்கட்டும். யாருக்காவது ஷாக் அடித்தால் பதறிப்போய்த் தொட்டு இழுக்காதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள்.

இப்போது சாரலிலும் எங்கள் வீட்டில் மாவு பொங்குகிறது. ஆனால் ஒவ்வொரு தமிழ் மாதமும் முதல் தேதி காலையில், விளக்கேற்றிய கையோடு ஆர்.சி.சி.பி.யில் உள்ள டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்ப்பேன். வீடு 'டப்'பென்று இருட்டாகிவிடும். "ஏன் அத்தை, இது என்ன சாஸ்திரம்?" என்று தம்பி மகன் கேலி செய்கிறான். செய்துவிட்டுப் போகட்டும். அந்த இருட்டைப் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி.