கடைசி ஓராண்டின் விலை



சந்தையில் விற்பவரும் வாங்குபவரும் விலை பேசுவதை நாம் அன்றாடம் காண்கிறோம். ஒருவர் ஏற்றிச் சொல்வார். மற்றவர் இறக்கிக் கேட்பார். இடையில் ஒருவர் எழுந்து போவதுபோல் பாவனை செய்வார். இறுதியில் இருவரும் ஒரு தொகைக்கு இணங்குவர். ஆனால், பேசப்படுவது ஒரு மனிதனின் உழைப்பாக இருந்தால்? அம்மனிதனைத் தம் வீட்டுப் பிள்ளையாகக் கருதும் பல்லாயிரம் பேர் அந்தப் பேரத்தை நாள்தோறும் பார்த்துக் கொண்டிருந்தால்?

2023ஆம் ஆண்டு கோடையில் அத்தகையதொரு பேரம் நடந்தது. லண்டன் மாநகரின் டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் கழகத்தின் முன்கள வீரர் ஹாரி கேனை வாங்குவதற்கு ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் கழகம் முன்வந்தது. ஜூன் மாதக் கடைசியில் தொடங்கிய பேச்சு ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நீண்டது. அந்த வாரங்களில் இரு நாட்டு ரசிகர்களும் ஓயாமல் வாதிட்டனர். கால்பந்தில் ஆர்வமில்லாத வாசகரும் அந்த வாதத்தைச் சற்றே செவிமடுக்கலாம். வாக்கு, காலம், விலை என்னும் மூன்றும் ஒன்றோடொன்று மோதும் இடம் அது.

குத்தகை போன்றதோர் ஒப்பந்தம்

முதலில் அடிப்படையை அறிந்துகொள்வோம். ஒரு கழகம் வீரரை விலைக்கு வாங்குகிறது என்று சொல்கிறோமே, உண்மையில் அது வாங்குவது அவருடைய ஒப்பந்தத்தில் எஞ்சியுள்ள காலத்தைத்தான். மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவரை எண்ணிப் பாருங்கள். ஐந்து பருவங்கள் மீதமிருக்கையில் அந்தக் குத்தகையைப் பிறருக்கு மாற்றிக் கொடுத்தால் நல்ல தொகை கிடைக்கும். ஒரே ஒரு பருவம் எஞ்சியிருந்தால் எவர் அவ்வளவு கொடுப்பார்?

முற்காலத்தில் ஐரோப்பாவில் இந்தக் கணக்கு இவ்வாறு இருக்கவில்லை. ஒப்பந்தம் முடிந்த பின்னரும் பழைய கழகம் புதிய கழகத்திடம் பணம் கேட்கலாம் என்ற நிலை நிலவியது. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜான் மார்க் போஸ்மான் என்னும் வீரர் அதனை எதிர்த்து வழக்காடினார். 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் முடிந்த வீரர் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் எவருக்கும் ஒரு காசும் கொடுக்காமல் வேறு கழகத்திற்குச் செல்லலாம் என்றாயிற்று. அன்றுமுதல் ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டு கழகங்களுக்கு அச்சமூட்டும் ஆண்டாகிவிட்டது.

கேன் 2018 ஜூன் மாதம் ஆறாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அது 2024 கோடையில் முடிவடைய வேண்டும். ஆகவே 2023 கோடையில் எஞ்சியிருந்தது ஒரே ஓராண்டு. அந்த ஓராண்டுக்கு என்ன விலை என்பதே கேள்வி.

டாட்டன்ஹாம் ரசிகர்களின் மூன்று அணிகள்

இங்கிலாந்து ரசிகர்கள் மூன்று அணிகளாகப் பிரிந்து நின்றனர்.

“இப்போதே விற்றுவிடுங்கள்” என்றது முதல் அணி. அடுத்த ஆண்டு அவர் இலவசமாகப் போய்விட்டால் கழகத்தின் கையில் எதுவும் மிஞ்சாது. அதிலும் அவர் உள்நாட்டுப் போட்டிக் கழகம் ஒன்றுக்குச் சென்று நமக்கெதிராகவே கோல் அடிப்பதைக் காண்பதைவிட, வெளிநாட்டிற்கு அனுப்புவது மேல் என்பது அவர்கள் கருத்து.

“எந்த விலைக்கும் விற்காதீர்கள்” என்றது இரண்டாம் அணி. 2022–23 பருவத்தில் டாட்டன்ஹாம் எட்டாவது இடத்தையே பிடித்தது. அத்தகைய பருவத்திலும் கேன் லீக் ஆட்டங்களில் 30 கோல் அடித்திருந்தார். அவரும் இல்லையென்றால் கழகத்தின் கதி என்னவாகும்? அவர் இன்னும் ஓராண்டு ஆடித் தரும் பலன், கைக்கு வரும் பணத்தைவிடப் பெரிதல்லவா? இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் ஆலன் ஷியரர் அடித்த 260 கோல்களே உயர்ந்த எண்ணிக்கை. கேன் 213ஐ எட்டியிருந்தார். அந்தச் சாதனையை நம் சட்டையணிந்து முறியடிக்கட்டுமே என்ற ஆசையும் அவர்களுக்கு இருந்தது.

மூன்றாம் அணியினர் பணத்தைப் பற்றிப் பேசவில்லை. “பதினோரு வயதில் நம்மிடம் வந்த பிள்ளை, 435 ஆட்டங்களில் 280 கோல் அடித்து, ஜிம்மி கிரீவ்ஸின் பழைய சாதனையையும் கடந்துவிட்டான். ஒரு கோப்பையைக்கூட நாம் அவன் கையில் கொடுக்கவில்லை. இனி அவன் விருப்பப்படி போகட்டும்” என்பது அவர்கள் வாதத்தின் சாரம்.

இந்த மூன்றாம் குரல் எளிதில் எழுந்ததன்று. 2021 கோடையில் கேன் மான்செஸ்டர் சிட்டிக்குச் செல்ல விரும்பினார். அப்போது ஒப்பந்தத்தில் மூன்றாண்டுகள் மீதமிருந்தன. கழகத் தலைவர் டேனியல் லெவி அசையவில்லை. அவ்வாண்டு ஆகஸ்ட் 15 அன்று கேன் களமிறங்காத ஆட்டத்தில் டாட்டன்ஹாம் அதே சிட்டியை வென்றது. “பார்த்துக்கொண்டிருக்கிறாயா?” என்று ரசிகர்கள் கேனைக் கேலி செய்து முழங்கினர். பத்து நாட்களில், தாம் தங்குவதாக அவர் அறிவித்தார். ஈராண்டுகள் கழித்து, 2023 ஆகஸ்ட் 6 அன்று ஷக்தார் டோனட்ஸ்க் அணிக்கெதிரான நட்பு ஆட்டத்தில் அவர் நான்கு கோல் அடித்தபோது, அதே அரங்கம் அவரைக் கைதட்டிப் போற்றியது. மனிதர் மாறவில்லை, எஞ்சியிருந்த காலம் மாறியிருந்தது.

மியூனிக் நகரத்தின் தயக்கம்

மறுபக்கத்தில் ஜெர்மானிய ரசிகர்களுக்கும் ஐயங்கள் இருந்தன. பயர்ன் சிக்கனத்திற்குப் பெயர்பெற்ற கழகம். அதன் பங்குகளில் நான்கில் மூன்று பாகம் உறுப்பினர்களின் சங்கத்திடமே உள்ளது. அதுவரை அவர்கள் கொடுத்த மிக உயர்ந்த தொகை, 2019இல் லூக்காஸ் ஹெர்னாண்டஸ் என்னும் தடுப்பாட்டக்காரருக்காகக் கொடுத்த 8 கோடி யூரோ. ஜூலை 28 அன்று முப்பது வயதை எட்டும் ஒருவருக்கு அதைவிட அதிகம் கொடுப்பதா? நாளை அவரை மறுபடி விற்றால் என்ன கிடைக்கும்? இவ்வாறு ஒருசாரார் கேட்டனர்.

எதிர்த்தரப்பார் கடந்த பருவத்தைச் சுட்டிக் காட்டினர். 2023 மே 27 அன்று, கடைசி ஆட்டத்தின் 89ஆவது நிமிடத்தில் ஜமால் முசியாலா அடித்த கோலால்தான் பயர்ன் பட்டத்தைக் காப்பாற்றிக் கொண்டது. டார்ட்மண்டும் பயர்னும் சமமாக 71 புள்ளிகள் பெற்றிருந்தன. கோல் வித்தியாசமே பட்டத்தை முடிவு செய்தது. ராபர்ட் லெவண்டோவ்ஸ்கி சென்ற பின் கோல் அடிக்கும் முன்கள வீரர் இல்லாததன் விளைவே அது என்றனர்.

லெவண்டோவ்ஸ்கியின் பெயரைச் சொன்னதும் நாம் ஓரிடத்தில் நின்று சிந்திக்க வேண்டும். 2022 கோடையில் அவருக்கும் ஒப்பந்தத்தில் சரியாக ஓராண்டே மீதமிருந்தது. அவர் பார்சலோனாவுக்குச் செல்ல விரும்பினார். “ஒப்பந்தம் ஒப்பந்தமே; விற்கமாட்டோம்” என்று பிடிவாதமாக நின்றவர்கள் யார்? இதே பயர்ன் நிர்வாகத்தினர். முடிவில் ஜூலையில் விட்டுக்கொடுத்தனர். மறு ஆண்டு அவர்களே எதிர் இருக்கையில் அமர்ந்து, வீரரின் விருப்பத்தை மதித்து டாட்டன்ஹாம் இறங்கிவர வேண்டும் என எதிர்பார்த்தனர். பயர்னின் மூத்தவரான ஊலி ஹோனஸ் இதனை வெளிப்படையாகவே பேசியது லண்டன் ரசிகர்களுக்குச் சினமூட்டியது. அமரும் நாற்காலி மாறும்போது நியாயமும் இடம் மாறுகிறது. நம் வீட்டு வாடகைப் பேச்சிலும், பாகப்பிரிவினையிலும் நாம் காண்பதும் இதுவேயன்றோ?

லெவியோ பேரத்தில் பழுத்தவர். 2008இல் பெர்பட்டோவையும், 2012இல் மோட்ரிச்சையும், 2013இல் கேரத் பேலையும் மாற்றத்திற்கான காலக்கெடு முடியும் தறுவாயில்தான் விட்டுக் கொடுத்தார். இம்முறையும் ஆகஸ்ட் வரை இழுத்தார். ஏறத்தாழ 7 கோடி யூரோவில் தொடங்கியதாகச் செய்தி ஏடுகள் எழுதிய பேரம், சுமார் 10 கோடி யூரோவில் முடிந்ததாக அவையே எழுதின. ஜெர்மானியக் கால்பந்தில் அதுவரை எவரும் கொடுத்திராத தொகை அது. ஆகஸ்ட் 12 அன்று கேன் பயர்ன் வீரராக அறிவிக்கப்பட்டார். 2027 வரை ஒப்பந்தம்.

விசுவாசம் யார்மீது கடமை?

இத்தகைய வாதங்களில் எப்போதும் ஒரு சொல் எறியப்படுகிறது: விசுவாசம். அது வீரரிடம் மட்டுமே கேட்கப்படுகிறது. கேன் சிறுவனாக முதலில் ஆர்சனல் கழகத்தில்தான் இருந்தார். ஒரே பருவத்தில் அவர்கள் அவரை அனுப்பிவிட்டனர். அன்று எவரும் அக்கழகத்தை விசுவாசமற்றது என்று இகழவில்லை. பின்னர் டாட்டன்ஹாமும் அவரை லெய்ட்டன் ஓரியண்ட், மில்வால், நார்விச், லெஸ்டர் என நான்கு கழகங்களுக்கு இரவலாக அனுப்பிப் பார்த்தது. அதுவும் முறையான நடவடிக்கையாகவே கொள்ளப்பட்டது. தேவையில்லாத வீரரைக் கழகம் அனுப்பினால் அது நிர்வாகம். தேவைப்படும் வீரர் தாமாகச் செல்ல விரும்பினால் அது துரோகம். இந்த அளவுகோல் நேர்மையானதா என்று ரசிகர்கள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆயினும் ரசிகரின் வருத்தத்தையும் நாம் அற்பமாக எண்ணிவிடலாகாது. கழகத்திற்குப் பணம் வருகிறது. வீரருக்குப் புதிய வாழ்வு கிடைக்கிறது. மழையிலும் குளிரிலும் நுழைவுச்சீட்டு வாங்கி அரங்கில் நின்றவருக்குக் கிடைப்பது பழைய சட்டையில் அச்சிட்ட ஒரு பெயர் மட்டுமே. அவரைக் கேட்டு எவரும் விலை பேசுவதில்லை. வாதம் ஒன்றே அவருக்கு மிஞ்சும் உரிமை. அதனால்தான் அவ்வளவு உரத்துப் பேசுகிறார்.

காலம் சொன்ன விடை

பின்னர் நடந்தது என்ன? கையெழுத்திட்ட அன்று மாலையே பயர்ன் சூப்பர் கோப்பை ஆட்டத்தில் லைப்சிக் அணியிடம் 0–3 என்று தோற்றது. முதல் பருவத்தில் கேன் 36 லீக் கோல் அடித்தும் பயர்னுக்கு ஒரு கோப்பையும் இல்லை; பதினொரு ஆண்டுகளாகத் தொடர்ந்து பயர்னிடம் இருந்த பட்டம் லெவர்குசனுக்குப் போயிற்று. “எங்கே சென்றாலும் அவருக்குக் கோப்பை வாய்க்காது” என்று ஏளனம் செய்தோர் பலர். 2025 மே மாதம் பயர்ன் பட்டத்தை மீட்டது. கேனின் தொழில்முறை வாழ்வில் முதல் பெரிய கோப்பை அது.

அதே மே மாதம் 21ஆம் நாள் பில்பாவோ நகரில் டாட்டன்ஹாம் மான்செஸ்டர் யுனைடெட்டை 1–0 என வென்று யூரோப்பா லீக் கோப்பையை ஏந்தியது. 2008க்குப் பின் அவர்களுக்குக் கிடைத்த முதல் கோப்பை. அந்தக் கோலை அடித்த பிரென்னன் ஜான்சன், கேன் சென்ற அதே கோடையின் மாற்றக் காலத்தில், அதன் கடைசி நாளன்று வாங்கப்பட்டவர். ஆனால் அந்தப் பருவத்தில் உள்நாட்டு லீக்கில் டாட்டன்ஹாம் பெற்ற இடம் பதினேழு.

ஆக, விற்கச் சொன்னவரும் முழுதாக வெல்லவில்லை. விற்காதே என்றவரும் முழுதாகத் தோற்கவில்லை. ஓராண்டின் விலையைப் பேரம் பேசிய எவராலும் அந்த ஓராண்டு எதைக் கொண்டுவரும் என்று அறிய முடியவில்லை.

வாசகர்களே! உங்கள் வீட்டு இளைஞர்கள் நாளை மற்றொரு வீரரின் மாற்றத்தைக் குறித்துக் காரசாரமாக வாதிடுவதைக் கேட்பீர்களாயின், அவர்களைத் தடுக்க வேண்டாம். இரண்டே கேள்விகளைக் கேளுங்கள். “அந்த வீரருக்கு ஒப்பந்தத்தில் இன்னும் எத்தனை ஆண்டு மீதம் உள்ளது? எதிர்த்தரப்பு நாற்காலியில் நீ அமர்ந்திருந்தாலும் இதையே சொல்வாயா?” முதல் கேள்விக்கு அவர்கள் உடனே விடை சொல்லிவிடுவார்கள். இரண்டாவதற்குச் சற்று நேரம் எடுத்துக்கொள்வார்கள். அந்தச் சற்று நேரத்தில்தான் நியாய உணர்வு பிறக்கிறது.