பப்பாளியைத் தொடலாமா?

முன்னாள் மாணவி ஒருவர் அண்மையில் வாட்சாப்பில் கேட்டார்: “கரு கலைந்து ஐந்து நாளாகிறது, டீச்சர். பழம் சாப்பிட்டால் உடம்பு குளிர்ந்துவிடும் என்கிறார் அத்தை. பப்பாளிக்கும் அன்னாசிக்கும் வீட்டில் தடை. உண்மையா?”

தானாகக் கலைந்ததா, மருத்துவமனையில் கலைக்கப்பட்டதா என்று நான் கேட்கவில்லை. இரண்டிலும் உடலுக்கு முன்னால் இருக்கும் வேலை ஒன்றுதான். கருப்பை சுருங்கிப் பழைய நிலைக்கு வர வேண்டும். இழந்த இரத்தம் மீண்டும் ஊற வேண்டும்.

பப்பாளி அச்சம் முழுக் கட்டுக்கதை அல்ல. காயைக் கீறினால் வெள்ளைப் பால் வழியும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட எலி ஆய்வில், அந்தப் பால் கருப்பைத் தசையைச் சுருங்க வைத்தது. நன்கு பழுத்த பழத்தின் சாறு அப்படிச் செய்யவில்லை. காய் பழுக்கப் பழுக்கப் பால் குறைந்துவிடுகிறது. மேலும், அந்த அச்சம் கர்ப்பிணிகளைப் பற்றியது. கரு கலைந்த பிறகும் பழுத்த பப்பாளியைத் தடுக்கக் காரணமே இல்லை. அன்னாசி நாக்கைக் கடிக்கும். சில துண்டுகள் கருப்பைக்குத் தீங்கு செய்யும் என்பதற்கு ஆதாரமில்லை. ‘குளிர்ச்சி’யா? குளிர்பெட்டியில் இருந்த பழமும் வயிற்றுக்குள் போனதும் உடல் வெப்பத்துக்கு வந்துவிடும்.

உண்மையில் இந்த நாள்களில் பழம் தேவை. இரத்தம் ஊற இரும்புச்சத்து வேண்டும். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைக் குடல் எளிதில் உறிஞ்சாது. வைட்டமின் சி அதை உறிஞ்சத்தக்க வடிவத்துக்கு மாற்றுகிறது. (படிவம் 5 மாணவர்களே, இது உங்கள் ரெடோக்ஸ் பாடம்தான்.) 100 கிராம் கொய்யாவில் சுமார் 200 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது; ஆரஞ்சில் அதில் கால் பங்குதான். எனவே சோற்றோடு கீரை, சாப்பிட்டதும் நான்கு துண்டு கொய்யா. தேநீர் மட்டும் ஒரு மணி நேரம் காத்திருக்கட்டும். அதிலுள்ள தானின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரும்பு மாத்திரையால் மலச்சிக்கல் வந்தால் கைகொடுப்பது எது தெரியுமா? அத்தை தடுத்த அதே பழுத்த பப்பாளிதான்.

கவனம் தேவைப்படுவது யாரும் சந்தேகிக்காத பழத்தில். ஈப்போ போனால் வாங்கி வருவோமே, அந்தப் பம்பளிமாஸ்! அதுவும் அதன் உறவான கிரேப்ஃபுரூட்டும், சில மருந்துகளைச் சிதைக்கும் குடல் நொதியைத் தடுக்கும். இரத்தத்தில் மருந்தின் அளவு கூடிவிடலாம். கருக்கலைப்புக்குத் தரப்படும் மிஃபெப்ரிஸ்டோன் அப்படிப்பட்ட மருந்துகளில் ஒன்று. மாத்திரை முடியும்வரை தள்ளி வையுங்கள், அல்லது மருந்தாளரிடம் கேளுங்கள்.

பழங்களை ஓடும் நீரில் கழுவி வீட்டிலேயே நறுக்குங்கள். வெயிலில் நறுக்கி வைத்த பழப் பொட்டலம் இப்போது வேண்டாம். வயிற்றுப்போக்கு வந்தால் சோர்வு இரட்டிப்பாகும்.

பழத்தால் சரியாகாதவையும் உண்டு. ஒரு மணி நேரத்தில் இரண்டு பெரிய பேடுகள் முழுதாக நனைந்து, அது இரண்டு மணி நேரம் தொடர்ந்தால் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். 38 பாகைக்கு மேல் காய்ச்சல், துர்நாற்றமுள்ள கசிவு, மயக்கம், தணியாத வயிற்றுவலி என்றாலும் அப்படியே. வீட்டில் சொல்லத் தயக்கமாக இருந்தாலும் மருத்துவரிடம் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். அவர் தரும் சிகிச்சை அதைப் பொறுத்தது.