‘குமாஸ்தாவின் பெண்’: நாவலிலிருந்து மேடைக்கு

வங்க நாவலாசிரியை நிருபமா தேவியின் ‘அன்னபூர்ணார் மந்திர்’ (1913) என்னும் நாவலைத் தழுவி, 1930களில் டி.கே.எஸ். சகோதரர்கள் ‘குமாஸ்தாவின் பெண்’ நாடகத்தை மேடையேற்றினர். மொழி மாற்றம், வடிவ மாற்றம் ஆகிய இரண்டும் ஒருங்கே நிகழ்ந்தமையால் இந்நாடகம் மொழிபெயர்ப்பு ஆய்வில் தனிக் கவனம் பெறத் தக்கது.

1. பாட்டும் வசனமும்

டி.கே.எஸ். சகோதரர்கள் சங்கரதாஸ் சுவாமிகளிடம் (1867–1922) பயின்றவர்கள். சுவாமிகளின் நாடகங்களில் பாத்திரங்கள் பெரும்பாலும் பாட்டாலேயே உரையாடின, பாட்டாலேயே வாதிட்டன. 1925இல் சகோதரர்கள் தனிச் சபை தொடங்கிய பின்னர், எம். கந்தசாமி முதலியார் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘மேனகா’ நாவலை அச்சபைக்கு நாடகமாக்கினார். 1935இல் அது திரைப்படமாகவும் வெளிவந்தது. நாவலின் கதைப்போக்கு வசனத்தை வேண்டியது. ஆகவே, கதையை நகர்த்தும் பணி வசனத்தைச் சார்ந்தது; பாட்டு, உணர்ச்சி மிகும் இடங்களுக்கு உரியதாயிற்று. ‘குமாஸ்தாவின் பெண்’ இப்புதிய சமூக நாடக மரபில் தோன்றியதே.

2. தலைப்பில் நேர்ந்த மாற்றம்

வங்கத் தலைப்பு அன்னபூர்ணையின் கோயிலைச் சுட்டுகிறது. தமிழ்த் தலைப்பில் தெய்வம் இல்லை. தந்தையின் தொழிலே முன்னிற்கிறது. ‘குமாஸ்தா’ என்பது ‘நியமிக்கப்பட்டவர்’ என்னும் பொருளுடைய பாரசீகச் சொல். கம்பெனி ஆட்சிக்கால வங்கத்தில் அது நெசவாளரை அடக்கி வேலை வாங்கிய வணிக முகவரைக் குறித்தது. தமிழிலோ, கணக்கும் கடிதமும் எழுதிப் பிழைக்கும் எளிய ஊழியரைக் குறிக்கும். ஆங்கே அதிகாரத்தை நினைவூட்டிய சொல், ஈங்கு வறுமையை நினைவூட்டுகிறது.

‘பெண்’ என்னும் சொல் மகளையும் குறிக்கும். ‘பெண் பார்த்தல்’, ‘பெண் கேட்டல்’ முதலிய வழக்குகளில் மணமகளையும் குறிக்கும். வறுமை காரணமாக முதியவருக்கு மணம் செய்விக்கப்பட்டு விதவையாகும் கதைத்தலைவிக்கு இவ்விரு பொருளும் பொருந்துகின்றன. அவள் பிறந்த வீட்டில் மகள். ஊரார் பார்வையில் மணமுடித்து அனுப்ப வேண்டியவள்.

3. திரைவடிவங்கள்

1941இல் வெளிவந்த திரைப்படம் நாடகத்தின் பெயரையே கொண்டது. 1974இல் ஏ.பி. நாகராஜன் இக்கதையை மீண்டும் படமாக்கியபோது தலைப்பு ‘குமாஸ்தாவின் மகள்’ என மாறிற்று. ‘மகள்’ உறவை மட்டுமே சுட்டும். மணச்சந்தையின் சாயல் அதில் இல்லை.

அகராதி நோக்கில் ‘பெண்’, ‘மகள்’ இரண்டும் இங்கு ஒரு பொருட் சொற்களே. எனினும், முன்னது அவளுக்கு நேர்ந்ததையும் சொல்கிறது. பின்னது அவள் யார் என்பதை மட்டுமே சொல்கிறது. தழுவலை மதிப்பிடுவோர் எது மாறிற்று என்பதோடு, ஒத்த சொல்லொன்று வந்தமர்ந்ததால் எது மறைந்தது என்பதையும் நோக்குதல் வேண்டும்.