நாவின் கட்டு அவிழ...

லண்டனில் சட்டம் பயின்ற நாள்களில் காந்தியடிகள் ஒரு கூட்டத்தில் பேச எழுந்தார். எழுதிவந்த சிறிய உரையைக்கூட வாசிக்க முடியவில்லை, வேறொருவர் வாசித்தார். அவரே 1893ல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில், நன்கு தயாரித்து வந்து, வணிகத்தில் உண்மை வேண்டுமென்று இந்திய வணிகர்களிடம் பேசினார்.

‘என்னை என்ன நினைப்பார்களோ’ என்ற கவலை நாவைக் கட்டுகிறது. ‘இது இவர்களுக்குத் தேவை’ என்ற அக்கறை அதை அவிழ்க்கிறது.

திருப்பலியில் வாசகம் வாசிக்கத் தயங்குகிறோமா? முந்தின நாளே வீட்டில் மும்முறை உரக்க வாசிப்போம். கடைசி வரிசையில், காது மந்தமான பாட்டிக்கும் கேட்கும்படி நிறுத்தி நிதானமாக வாசிப்போம். நாவன்மை இல்லையென்று தயங்கிய மோசேயையும் அனுப்பிய இறைவன், நம்மோடும் இருப்பார்.