ஒலியை நுகர்தலும் ஒலியை ஆக்குதலும்: மன்னார்க் கூத்திசையை முன்வைத்துச் சிந்தசைசர் பற்றிய ஓர் அறிமுகம்

இசைக்கருவிகளின் வரலாற்றை உற்பத்தியின் வரலாற்றிலிருந்து பிரித்து நோக்குதல் இயலாது. 1842இல் பாரிசில் காப்புரிமை பெற்ற ஆர்மோனியம் தமிழரங்கில் வேரூன்றியது. அதனை 1940இல் தடைசெய்த அகில இந்திய வானொலி, 1971இலேயே அத்தடையைத் தளர்த்தத் தொடங்கியது. ஒரு கருவியின் பிறப்பிடத்திலும் பார்க்க, அதனை ஆள்வோர் யார் என்பதே முதன்மையான வினாவாகும்.

மன்னார் நாட்டுக்கூத்தைப் பொறுத்தவரை இவ்வினா கூர்மையடைகின்றது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1964இல் 'என்றீக் எம்பரதோர் நாடகம்' எனும் மாதோட்டக் கூத்தைப் பதிப்பித்தார். அச்சில் சொல் நிலைத்தது. மத்தளத்தினதும் சாலரினதும் தொனி அச்சில் ஏறவில்லை. தொனியை ஆராய்வதற்குச் சிந்தசைசர் ஒரு கருவியாகலாம் என்பது எமது கருத்து.

1964இல் ரொபர்ட் மூக் உருவாக்கிய மின்னிசைக் கருவியின் அடிப்படை மூன்று உறுப்புகளாகும். அதிர்வாக்கி மூல அலையைத் தருகிறது. வடிகட்டி அதன் மேற்றொனிகளுட் சிலவற்றை நீக்குகிறது. விரியலாக்கி ஒலியின் அளவை ஆள்கிறது. ஒலி காலத்தில் கொள்ளும் வடிவம் 'ஒலியுறை' எனப்படும். எழுச்சி, தணிவு, நிலைப்பு, ஓய்வு என்பன அதன் நான்கு கட்டங்கள்.

மூல அலைகளுள் சைன் அலையில் அடிப்படைச் சுரம் மட்டுமே உண்டு. சதுர அலையில் ஒற்றையெண் மேற்றொனிகளும், வாட்பல் அலையில் எல்லா மேற்றொனிகளும் உள்ளன. ஆர்மோனியத்தை அணுக வாட்பல் அலையை எடுத்து, வடிகட்டியைச் சற்று மூடி, நிலைப்பை உயர்த்துதல் வேண்டும். மன்னார் வளைகுடாவில் குளித்தெடுக்கப்படும் சங்கின் முழக்கத்துக்குச் சைனை ஒத்த அலையும், மெதுவான எழுச்சியும், மூச்சுக்காகச் சிறிது இரைச்சலும் போதும். மத்தளத்துக்கு உடனடி எழுச்சி, நிலைப்பின்மை, அடித்தவுடன் சற்றே இறங்கும் மீடிறன் ஆகியன வேண்டும்.

சாலரே தொடக்கநிலை மாணவரைச் சோதிப்பது. வெண்கலத்தின் மேற்றொனிகள் முழுவெண் விகிதத்தில் அமைவதில்லை; எனவே வடிகட்டியால் மட்டும் அதனைப் பெறுதல் அரிது. ஜோன் சௌனிங் 1967இல் கண்ட மீடிறன் பண்பேற்றமுறை, ஓர் அலையால் மற்றோர் அலையின் மீடிறனை அசைத்து இத்தகைய ஒலியைப் பிறப்பிக்கின்றது. 1983இல் வெளிவந்த யமஹா டிஎக்ஸ்7 அம்முறையைப் பரவலாக்கியது.

பயில்வோர் ஓர் அதிர்வாக்கியுடன் தொடங்குதல் நன்று. ஒரு நேரத்தில் ஒரு குமிழை மட்டும் திருப்பி, விளைவைச் செவியால் அறிந்து குறித்துக்கொள்ளல் வேண்டும். விலையுயர்ந்த கருவியும் இன்றியமையாததன்று. இவ்வமைப்பைக் கொண்ட இலவச மென்பொருள்கள் இன்று கிடைக்கின்றன.

இவ்வாறு ஆக்கிய ஒலி அண்ணாவியாரின் கைக்கு மாற்றாகாது. மத்தளக்காரர் ஆடுவோரின் காலைப் பார்த்து அடிக்கிறார்; அவ்வுறவை எக்குமிழும் தராது. எனினும், தொழிற்சாலை முன்னமைத்த ஒலிகளைப் பொத்தானை அழுத்திப் பெறுபவர் நுகர்வோராக மட்டுமே எஞ்சுகின்றார். சாலரின் ஒலி எவ்வாறு ஆனது என வினவித் தானே ஆக்க முயல்பவரோ, அதனை முதியோரிடம் மீண்டும் கேட்கச் செல்கின்றார். அவ்வாறு கேட்கச் செல்வதே இக்கல்வியின் பெரும்பயன் என நாம் கருதுகின்றோம்.