கிளை தறிக்குமுன் ஒரு சொல்

கிருஷ்ணகிரி வட்டாரத்தில் மா அறுவடை ஓய்ந்ததும் கிளை தறிக்கும் பருவம் தொடங்குகிறது. உலர்ந்தனவும் பின்னிக் கிடப்பனவுமாகிய கிளைகளை நீக்கினால் மரத்தின் நடுவே வெயிலும் காற்றும் புகும். ஓசூர்த் தொழிற்சாலைகளில் வாரமெல்லாம் உழைத்து, விடுமுறை நாளில் இப்பணியை மேற்கொள்ளும் குடும்பத் தலைவர்களுக்கு நாம் சில கூற விழைகிறோம்.

மரமேறுவதினும், தரையில் நின்று நீண்ட கழியில் பூட்டிய இரம்பத்தால் அறுப்பது நன்று. அதன் பற்கள் பெரும்பாலும் இழுக்கும்போதே அறுக்கும். ஆதலின் கீழிழுப்பில் மட்டும் பலத்தைச் செலுத்துக. கிளைக்கு நேர் கீழே ஒருபோதும் நிற்கலாகாது. விலகி நின்று கழியைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும்.

கனத்த கிளையை ஒரே வெட்டில் வீழ்த்தினால் பட்டை உரிந்து மரம் புண்படும். முதலில் அடிமரத்திற்கு ஓரடி தள்ளி, கிளையின் அடிப்புறத்தில் சிறிது அறுக்க வேண்டும். பின்பு, சற்று அப்பால் மேலிருந்து அறுத்துக் கிளையை வீழ்த்த வேண்டும். இறுதியில் எஞ்சிய முண்டை, கிளை தொடங்குமிடத்திலுள்ள பருத்த வளையத்தை ஒட்டி, அவ்வளையம் சிதையாமல் நீக்க வேண்டும். காயத்தை மூடும் திசு அவ்வளையத்திலிருந்தே வளர்கிறது. அமெரிக்க மரவியல் அறிஞர் அலெக்ஸ் ஷைகோ எண்ணற்ற மரங்களைப் பிளந்து ஆராய்ந்து இவ்வுண்மையை விளக்கினார்.

அருகே மின்கம்பி ஓடுமாயின் இரம்பத்தைத் தொடவே வேண்டாம். அலுமினியக் கழி மின்சாரத்தைக் கடத்தும். ஈர மூங்கிலும் கடத்தும். மின்வாரிய அலுவலகத்திற்குத் தெரிவித்து, மின்னோட்டத்தை நிறுத்தி அவர்களே வெட்டும்வரை பொறுத்திருப்போம். கிளை ஒரு வாரம் காத்திருக்கும். பிள்ளைகளுக்கோ தந்தை ஒருவரே.