கோலா மரம்
தாவரப் பெயர்: கோலா நிட்டிடா

மேற்கு ஆப்பிரிக்காவின் ஈரக் காடுகள் இதன் தாயகம். பூவரசும் கொக்கோவும் இதன் குடும்பத்து உறவுகள். பருப்பில் சுமார் 2 சதவீதம் கஃபீன் உண்டு. மென்றால் கசக்கும், பசியையும் களைப்பையும் அடக்கும்.

வளர்ப்பவருக்குப் பொறுமை வேண்டும். விதை முளைக்கவே மாதக்கணக்காகும். இளங்கன்று கடும் வெயில் தாங்காது. வாழை, கொக்கோ நிழலில் நடுவார்கள். காய்ப்புக்கு வர ஏழெட்டு ஆண்டுகள் ஆகலாம். ஒற்றை மரத்தை நம்பக் கூடாது. பல மரங்கள் தம் மகரந்தத்தால் கருவுறுவதில்லை. அருகில் இணக்கமான வேறு மரம் இல்லையென்றால், பூத்துக் குலுங்கினாலும் காய் பிடிக்காது.

பறித்த பிறகுதான் பெரிய வேலை. பச்சைப் பருப்புக்கே மதிப்பு. வெள்ளைத் தோலை நீக்கிக் கழுவி, வண்டு துளைத்தவற்றைக் கழித்து, இலை விரித்த கூடைகளில் அடுக்குவார்கள். ஈரம் குறைந்தால் சுருங்கும். மிகுந்தால் பூசணம் பிடிக்கும். வழியிலும் அவ்வப்போது பிரித்துப் பார்த்து இலை மாற்ற வேண்டும். இந்தக் கைப்பக்குவத்தால்தான் 19ஆம் நூற்றாண்டில் அசாந்தே காடுகளின் கோலா, சலாகா சந்தை வழியாக, ஹௌசா வணிகர்களின் கழுதைகள் மேல் பல நூறு கிலோமீட்டர் கடந்து கெடாமல் கானோ நகரை அடைந்தது. எனக்கு இது மரத்தின் அருமைக்குச் சற்றும் குறையாத அருமை.

நைஜீரியாவின் இக்போ மக்கள் விருந்தினரை வரவேற்கும் சடங்கில் இதன் உறவினமான கோலா அக்குமினாட்டாவையே விரும்பி உடைக்கிறார்கள். அதன் பருப்பு மூன்று, நான்கு அல்லது அதற்கும் மேற்பட்ட துண்டுகளாகப் பிரியும். கோலா நிட்டிடாவில் இரண்டுதான்.